கண் கட்டியில் ‘கூடிய’ புரதம், ‘குறைந்த’ புரதம்: எதோடு ஒப்பிட்டு?

கேள்வி, ஜனவரி 9

ரெட்டினோபிளாஸ்டோமா (குழந்தைகளின் விழித்திரையில் வரும் புற்று) கட்டிகளின் புரதப் பட்டியல் ஒன்று கையில் இருக்கிறது. சாதாரண விழித்திரையோடு ஒப்பிட்டதில் நூற்றுக்கணக்கான புரதங்கள் கூடியும் குறைந்தும் வந்திருக்கின்றன. மேலே இருப்பவைதான் நோயை நடத்துகின்றன என்று வைத்துக்கொண்டு, முதல் பத்தை மட்டும் தொடர்ந்து ஆராயலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

ஜனவரி 9, இரவு

அவசரப்படாதீர்கள். எந்த விழித்திரையோடு ஒப்பிட்டீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். இறந்தபின் தானமாக வந்த பெரியவர் கண் என்றால், பட்டியலில் பெரும்பங்கு கட்டியைப் பற்றியதே அல்ல.

ஒளியை உணரும் புரதமான ரோடாப்சின் வெகுவாகக் குறைந்திருக்கும், பாருங்கள். மனித விழித்திரையில் மங்கிய ஒளியில் பார்க்க உதவும் ராட் செல்கள் சுமார் 12 கோடி, நிறம் காட்டும் கோன் செல்கள் சுமார் 60 லட்சம். சாதாரண விழித்திரையை அரைத்தால் ராட் புரதங்கள் குவிந்து வரும். கட்டியில் முதிர்ந்த ராட் செல்கள் பேருக்குத்தான் இருக்கும். ரோடாப்சின் குறைந்ததற்கு அதுவே காரணம். எந்த செல்லும் அதை ‘நிறுத்திவைக்கவில்லை’. அதைச் செய்கிற செல்லே அங்கே இல்லை.

ஜனவரி 10

நேற்றுச் சொன்னதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். கூடியதாகத் தெரிவதிலும் இதே சிக்கல் உண்டு.

ரெட்டினோபிளாஸ்டோமா கோன் செல்லாக முதிரப்போகிற இளம் செல்லிலிருந்து கிளம்புகிறது என்பதற்கு 2009-லும் 2014-லும் வலுவான ஆய்வுகள் வந்தன. அந்த இளம் செல்லில், கட்டி எதுவும் இல்லாதபோதே, செல் வளர்ச்சிக்குத் துணைபோகும் எம்டிஎம்2 புரதமும் எம்ஒய்சிஎன் புரதமும் தாராளமாக இருக்கின்றன. முதிர்ந்த விழித்திரையோடு ஒப்பிட்டால் இரண்டும் ‘கூடியவை’ வரிசையில் போய் உட்காரும். கட்டி புதிதாகச் சம்பாதித்ததும், பிறந்த செல்லிலிருந்து கொண்டுவந்ததும் வேறு வேறு. பட்டியலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இந்த ஒன்றை நான் புரிந்துகொள்ள இரண்டு வருடம் ஆயிற்று. கட்டியில் எம்டிஎம்2 அதிகம் என்று ஒரு சுவரொட்டியே தயாரித்து வைத்திருந்தேன். கருவின் விழித்திரைச் சீவலை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்த அன்று அதைச் சுருட்டி வைத்தேன்.

ஜனவரி 10, கொஞ்ச நேரம் கழித்து

விட்டுப்போனது: கிரிஸ்டலின்கள் (லென்ஸில் நிறைந்த புரதங்கள்) மேலேயோ கீழேயோ கிடந்தால், சாம்பிளில் லென்ஸ் துணுக்கு ஒட்டியிருந்ததா என்று பாருங்கள். விழித்திரையும் ஓரளவு கிரிஸ்டலின் செய்யும் என்பதால் இது சுலபமாகப் பிடிபடாது. அல்புமின், ஹீமோகுளோபின் இருந்தால் அது ரத்தம். இவற்றை ஓரமாக வைத்தாலே முதல் பத்து வேறு பத்தாகிவிடும்.

ஜனவரி 13

கீழே ஒருவர் “அப்படியென்றால் புரதத்தை அளப்பதே வீணா?” என்று கேட்டிருக்கிறார். இல்லவே இல்லை. இந்தக் கட்டியின் கதையே ஒரு புரதம் இல்லாமல் போன கதைதானே.

1971-இல் ஆல்ஃபிரட் நுட்ஸன் 48 நோயாளிகளின் விவரங்களை வைத்துக்கொண்டு, எந்த வயதில் நோய் தெரிந்தது, ஒரு கண்ணிலா இரண்டு கண்ணிலுமா என்று கணக்குப் போட்டார். கட்டி வர இரண்டு அடி விழ வேண்டும், பரம்பரையாக வருகிற குழந்தைகளுக்கு முதல் அடி பிறக்கும்போதே விழுந்திருக்கிறது என்பது அவர் சொன்னது. அந்த மரபணு கையில் கிடைத்தது 1986-இல்தான். 13-ஆம் குரோமோசோமில் இருக்கிற ஆர்பி1. அது செய்கிற ஆர்பி புரதத்தில் 928 அமினோ அமிலங்கள். ஈ2எஃப் என்ற புரதத்தைப் பிடித்துவைத்து, செல் பிரிவதற்கான மரபணுக்களைத் திறக்கவிடாமல் தடுப்பது அதன் பிரதான வேலை.

ஆர்பிக்குச் சாயம் போட்ட ரெட்டினோபிளாஸ்டோமா ஸ்லைடை ஒருமுறையாவது பாருங்கள். ஆர்பியை மட்டும் பிடிக்கிற ஆன்டிபாடி ஒட்டிய இடம் பழுப்பாகும். சின்னப் பெருக்கத்தில் எல்லாம் நீலம். கட்டி செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். உட்கரு பெரிது, சுற்றிலும் சைட்டோபிளாசம் நூலளவு. ஹீமடாக்ஸிலின் என்ற பொதுச் சாயம் ஏறிய நீலம் மட்டுமே தெரியும், பழுப்பு எங்கும் இருக்காது. பெருக்கத்தைக் கூட்டி, நடுவில் ஓடுகிற ரத்தக்குழாயைப் பாருங்கள். குழாய்ச் சுவரின் தட்டையான செல்களில் உட்கரு பழுப்பாக இருக்கும். அங்கே ஆர்பி இருக்கிறது. அரை செல் தள்ளிப்போனால் இல்லை. அந்தப் பழுப்புதான் சாயம் சரியாக ஏறியிருக்கிறது என்பதற்கும் சாட்சி. அது தெரியாத ஸ்லைடில் நீலத்தை நம்பக் கூடாது.

கட்டியை அரைத்து அளந்தால் இதே ஆர்பி ‘குறைந்தது’ என்றுதான் வரும், ஏதோ கால்வாசி மிச்சம் இருப்பதுபோல. கட்டி செல்லில் துளியும் இல்லை, மிச்சமெல்லாம் குழாயிலிருந்தும் வெள்ளணுக்களிலிருந்தும் வந்தது என்பதை ஸ்லைடு பார்க்காமல் சொல்ல முடியாது.

ஜனவரி 14

நேற்று எழுதியதில் திருத்தம். எல்லா ரெட்டினோபிளாஸ்டோமாவிலும் ஆர்பி இல்லை என்ற தொனி வந்துவிட்டது. ஒரு கண்ணில் மட்டும் வருகிற கட்டிகளில் 100-க்கு ஒன்றிரண்டில் ஆர்பி1 பழுதில்லாமல் இருக்கும். அதற்குப் பதில் எம்ஒய்சிஎன் மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருக்கும். 2013-இல் இது தனி வகையாக விவரிக்கப்பட்டது. பெரும்பாலும் சில மாதக் குழந்தைகள், கட்டியோ பெரிதாக இருக்கும். அந்த ஸ்லைடில் கட்டி செல்லும் பழுப்புதான்.

இன்னொன்று. டிஎன்ஏ-வில் ஒரு எழுத்து மட்டும் மாறிய சில ஆர்பி1 பழுதுகளில் புரதம் உருவாகும், வேலைதான் அரைகுறை. ஆன்டிபாடி அதையும் ‘இருக்கிறது’ என்றே காட்டும்.

ஜனவரி 18

“ஆர்பி போனால் கட்டி; அவ்வளவுதானே?” என்று கேட்டவருக்கு.

சில கண்களில் ரெட்டினோமா என்று ஒன்று இருக்கும். பிரியாத, பரவாத, அமைதியாகக் கிடக்கிற சின்னக் கட்டி. அதில் ஆர்பி1-இன் இரண்டு பிரதிகளும் ஏற்கெனவே போயிருக்கின்றன என்று 2008-இல் காட்டினார்கள். ஆனால் அந்த செல்களில் பி16, பி130 என்ற இரண்டு புரதங்கள் நிறைய இருந்தன. இரண்டும் செல்லைப் பிரியவிடாமல் உட்காரவைப்பவை. அதே கண்ணில் பக்கத்திலேயே வளர்ந்த ரெட்டினோபிளாஸ்டோமாவில் அவை குறைந்திருந்தன.

எனக்கு மிகவும் பிடித்த ஒப்பீடு இது. ஒரே குழந்தை, ஒரே கண், ஆர்பி1-இல் ஒரே பழுது. ஒரு பக்கம் அமைதி, மறுபக்கம் கட்டி. வயது, கண்ணை அகற்றிய நேரம், ஃபார்மலினில் ஊறிய நேரம் எல்லாம் ஒன்றுதான். இந்த மாதிரி ஜோடியில் ஒரு புரதம் மாறியிருந்தால் நான் காது கொடுத்துக் கேட்பேன்.

ஜனவரி 19

நேற்றைய குறிப்போடு சேர்த்து வாசிக்க. ஆர்பி புரதம் இருந்தும் செயலிழந்து கிடப்பது மற்ற பல புற்றுகளில் சகஜம். சிடிகே4, சிடிகே6 என்ற நொதிகள் அதன்மேல் பாஸ்பேட்டை ஏற்றினால் அது ஈ2எஃப்-ஐ விட்டுவிடும். அளவு மாறியிருக்காது. அவற்றில் சிலவற்றில் சிடிகே4/6 தடுப்பு மருந்துகள் உதவும், பாஸ்பேட் ஏறாது, ஆர்பி மறுபடி பிடித்துக்கொள்ளும். ஆர்பியே இல்லாத செல்லில் அந்த மருந்துக்குப் பிடிமானம் கிடையாது. பிரேக் மிதியைச் சரிசெய்து என்ன, கம்பி அறுந்திருக்கிறதே.

ஆகவே உங்கள் பட்டியலில் சிடிகே கூடியிருந்தால் உடனே மருந்துக்குத் தாவ வேண்டாம்.

ஜனவரி 25

பெரியவர்களுக்கு வருகிற யுவியல் மெலனோமா (கண்ணின் நடுப்படலமான யுவியாவின் நிறமி செல்களில் வரும் புற்று) பற்றி எழுதச் சொன்னார்கள். ‘அளவு வேறு, வேலை வேறு’ என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இந்தக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் செல்லுக்குள் சமிக்ஞையைப் போட்டு அணைக்கிற சுவிட்ச் புரதங்களுக்கான ஜிஎன்ஏக்யூ அல்லது ஜிஎன்ஏ11 மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கும். 2009, 2010-இல் தெரியவந்தது. பெரும்பாலும் 209-ஆவது அமினோ அமிலம் மாறியிருக்கும். ஒரே ஒரு அமினோ அமிலம்தான், ஆனால் சுவிட்ச் ‘ஆன்’ பக்கமே சிக்கிக்கொள்ளும். நோயின் தொடக்கமே இதுதான், ஆனால் கூடிய, குறைந்த புரதங்களின் பட்டியலில் தேடினால் இது கிடைக்காது. சுவிட்ச் எத்தனை இருக்கிறது என்று எண்ணுகிறவருக்கு, அது போட்டிருக்கிறதா அணைத்திருக்கிறதா என்று தெரியாது.

அடுத்தது பேப்-1. மரபணு 3-ஆம் குரோமோசோமில். மற்றப் புரதங்களின்மேல் ஒட்டிய யுபிக்விட்டின் என்ற சிறு புரத அடையாளத்தைக் கழற்றுகிற நொதி இது. 2010-இல் வந்த ஆய்வில், உடலின் பிற இடங்களுக்குப் பரவும் வகையைச் சேர்ந்த 31 கட்டிகளில் 26-இல் இது பழுதாகியிருந்தது. இன்று ஸ்லைடில் பேப்-1 சாயம் போட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கேள்வி எளிது: உட்கருவில் சாயம் இருக்கிறதா?

எளிது என்று சொல்லிவிட்டேன், அங்கேதான் நான் தவறினேன். வழக்கமான சாயம் பழுப்பு. கட்டியின் மெலனினும் பழுப்பு. ஆரம்பத்தில் ஒரு கட்டியை ‘பேப்-1 இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்தேன். மூத்தவர் ஸ்லைடை வாங்கினார், ஒன்றும் சொல்லாமல் நுண்திருகைத் திருகினார், என்னைப் பார்க்கச் சொன்னார். கூர்மையைக் கொஞ்சம் மேலே தூக்கினால் பழுப்பு, மணி மணியாகப் பிரிந்தது. சாயம் உட்கரு முழுக்கச் சீராகப் பரவியிருக்கும்; மெலனின் மணல்போலச் சிதறி, உட்கருவின்மேல் கிடந்தாலும் அதன் வரம்பை மதிக்காது. நான் பார்த்தது மெலனின். ஆன்டிபாடி போடாத ஸ்லைடை அவர் பக்கத்தில் வைத்தார், அதிலும் அதே பழுப்பு.

அதே கட்டியைச் சிவப்புச் சாயத்தில் மறுபடி செய்தோம். இடையில் சிதறியிருந்த லிம்ஃபோசைட்டுகளின் (ஒருவகை வெள்ளணு) உட்கரு சிவந்து நின்றது, குழாய்ச் சுவரும் அப்படியே. கட்டி செல்களின் உட்கரு வெறும் நீலம், மேலே பழுப்பு மணல். பேப்-1 இல்லை. அறிக்கை வெளியே போவதற்கு முன் மாற்றிவிட்டோம். மாற்றாமல் போயிருந்தால் அந்த நோயாளியின் கல்லீரலை எவ்வளவு நாளைக்கொருமுறை ஸ்கேன் செய்வது என்ற முடிவே வேறாகியிருக்கும். இந்தக் கட்டி பரவினால் 10-இல் 9 பேருக்குக் கல்லீரலுக்குப் போகிறது.

அன்றிலிருந்து நிறமி மிகுந்த எந்தக் கட்டியிலும் பழுப்புச் சாயத்தை நான் ஏற்பதில்லை. ஒன்று சிவப்பு, இல்லையென்றால் மெலனினை வெளுத்துவிட்டுப் பழுப்பு. வெளுப்பதிலும் கவனம் வேண்டும்: ஹைட்ரஜன் பெராக்சைடு அதிக நேரம் பட்டால் ஆன்டிபாடி பிடிக்க வேண்டிய இடமும் கெடும்.

ஜனவரி 26

ஒருவர், “உட்கருவில் இல்லை, ஆனால் சைட்டோபிளாசத்தில் இருக்கிறதே, அதை எப்படி எழுதுவது?” என்கிறார். இல்லை என்றுதான் எழுத வேண்டும். வேலை செய்கிற இடம் உட்கரு. சில கட்டிகளில் புரதம் வெளியே சிக்கி நிற்கும். அரைத்து அளக்கிறவருக்கு அது ‘இருக்கிறது’.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டியிருக்கிறது: ஒரு புற்றில் கெட்டது இன்னொன்றிலும் கெட்டது என்று நினைப்பது. பல புற்றுகளில், செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிற ஈ-கேட்ஹெரின் குறைவது பரவலின் அடையாளம். யுவியல் மெலனோமாவில் பரவக்கூடிய வகையில்தான் அது கூடுகிறது. மற்ற உறுப்பிலிருந்து விதியை இரவல் வாங்கினால் இங்கே தலைகீழாகிவிடும். விழிவெண்மையை மூடிய சவ்வில் வருகிற மெலனோமாவும் அப்படித்தான்: அதில் தோலின் மெலனோமாவைப்போல பிராஃப் என்ற மரபணுவில் மாற்றம் வரும். உள்ளே யுவியாவில் வருவதில் அது அபூர்வம். இரண்டும் ஒரே கண், ஒரே பெயர்.

பிப்ரவரி 2

ஒரு வாரமாக ஒன்று உறுத்துகிறது. ‘நோயை நடத்தாத புரதம் நமக்கு வேண்டாம்’ என்ற மாதிரி எழுதிக்கொண்டே வந்துவிட்டேன். அது தவறு.

ஜிபி100 என்ற புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெலனோசைட்டுகள் நிறமி செய்யும்போது வைத்திருக்கிற சாதாரணப் புரதம். கட்டியை அது உண்டாக்கவும் இல்லை, வளர்க்கவும் இல்லை. ஆனால் 2022-இல் அங்கீகாரம் பெற்ற டெபென்டாஃபஸ்ப் மருந்து அதைத்தான் பிடிக்கிறது. ஒரு முனை கட்டி செல்லின் மேற்பரப்பில் தெரிகிற ஜிபி100 துணுக்கைப் பற்றும், மறுமுனை நோய் எதிர்ப்புக்கான டி செல்லை இழுத்துக்கொண்டு வரும். பரவிய யுவியல் மெலனோமாவில் ஓராண்டு உயிர்வாழ்வு ஒப்பீட்டுக் குழுவில் 59 சதவீதம், இந்த மருந்தில் 73 சதவீதம். எச்எல்ஏ-ஏ 02:01 என்ற பரம்பரைத் திசு வகை உள்ளவர்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பது பெரிய வரம்புதான். ஆனாலும் பல வருடம் எதுவுமே உயிர்வாழ்வைக் கூட்டாத நோயில் இது வந்தபோது எங்கள் அறையில் அன்று யாருக்கும் வேலை ஓடவில்லை.

ப்ரேம் என்ற புரதமும் இந்த வரிசைதான். உடலில் வழக்கமாக விந்தகத்தில்தான் பெருமளவு இருக்கும். கட்டியில் அது தெரிந்தால், குறைந்த ஆபத்து என்று வகைப்படுத்திய கட்டிகளிலும் பரவும் வாய்ப்பு கூடுகிறது என்று 2016-இல் காட்டினார்கள். அது எப்படிச் செயல்படுகிறது என்பதை முழுக்க விளக்காமலே ஓர் அடையாளமாக அது பயன்படுகிறது.

ஆகவே என் முதல் பதிலை மாற்றிக்கொள்கிறேன். ஒரு புரதத்தை எதற்காகத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காரணம் வேண்டுமா, அடையாளம் வேண்டுமா, மருந்து பிடிக்க ஒரு கைப்பிடி வேண்டுமா? மூன்றுக்கும் மூன்று பட்டியல்.

பிப்ரவரி 4

ரெட்டினோபிளாஸ்டோமாவில் சாம்பிள் எங்கிருந்து வருகிறது என்பதை யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இந்தக் கட்டியில் ஊசி குத்தித் திசு எடுப்பதில்லை. செல்கள் கண்ணுக்கு வெளியே சிந்தும் அபாயம். ஆகவே நம் கையில் இருப்பதெல்லாம் காப்பாற்ற முடியாமல் அகற்றிய கண்கள். முற்றிய கட்டிகள், சில மருந்து ஏறியவை. மருந்தால் சுருங்கிக் கண் தப்பிய கட்டிகளின் புரதம் எப்படி இருந்தது என்பது அந்தத் திசுப் பெட்டிகளில் இல்லை. 2017 முதல் கண்ணின் முன்னறை நீரில் கட்டியின் டிஎன்ஏ-வைத் தேடுகிற வழி வந்திருக்கிறது. அந்த இருட்டில் கிடைத்த முதல் ஜன்னல் அது.

கட்டிக்குள்ளும் சீரில்லை. ரத்தக்குழாயைச் சுற்றி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு உயிருள்ள செல்கள், அதற்கப்பால் செத்த செல்கள். குழாயிலிருந்து தள்ளிப்போகப் போக ஆக்ஸிஜன் குறையும், அதற்கேற்ற புரதங்கள் கூடும். மூச்சுத் திணறலின் புரதத்தைக் கட்டியின் குணம் என்று எழுதிவிடாதீர்கள்.

பிப்ரவரி 11

ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “மகனின் கட்டியில் ஆர்பி இல்லை என்று அறிக்கையில் இருக்கிறது. அடுத்த குழந்தைக்கும் வருமா?” அம்மா, அந்தச் சாயம் கட்டியைப் பற்றி மட்டும்தான் பேசும். பரம்பரையா என்பதைச் சொல்வது மகனின் ரத்தத்தில் செய்கிற ஆர்பி1 மரபணுச் சோதனை. சுமார் 40 சதவீதக் குழந்தைகளுக்குப் பரம்பரையாகக் கடத்தக்கூடிய வகை. ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களிலும் அது உண்டு. மகனின் ரத்தத்தில் பழுது தெரிந்தால் உங்கள் இருவரையும் சோதித்துவிட்டு, அடுத்த குழந்தை பிறந்தவுடனேயே கண்ணைப் பார்க்க ஏற்பாடு செய்யலாம். மரபியல் ஆலோசகரிடம் இந்த அறிக்கையையும் கையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி கேட்டவர், பிப்ரவரி 20

குழந்தையின் விழித்திரையோடு மறுபடி ஒப்பிட்டேன், லென்ஸ் புரதங்களையும் நீக்கினேன். இப்போது மேலே இருப்பது ஜிஎஃப்ஏபி, அதாவது கிளையல் செல்களில் (நரம்பு செல்களைத் தாங்கும் செல்கள்) இருக்கும் புரதம். கட்டி செல்கள் கிளையல் செல்லாக மாறுகின்றன என்று எழுதலாமா?

பிப்ரவரி 20, இரவு

இன்னும் எழுத வேண்டாம். இது பழைய விவாதம். காயம்பட்ட விழித்திரையில் ஆஸ்ட்ரோசைட்டுகள் (ஒருவகைக் கிளையல் செல்) ஜிஎஃப்ஏபி-யை ஏற்றிக்கொள்ளும். கட்டி வளரும்போது அவை உள்ளே மாட்டிக்கொள்ளும். ஒரே சீவலில் இரட்டைச் சாயம் போடுங்கள்: ஜிஎஃப்ஏபி சிவப்பு, ஆர்பி பழுப்பு. கட்டி செல்லில் ஆர்பி முழுக்க இல்லாத கண்ணாகத் தேர்ந்தெடுங்கள், ஒரு எழுத்துப் பழுதுள்ளது வேண்டாம். சிவந்த செல்லின் உட்கரு நீலமாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. பழுப்பாக இருந்தால் அது அந்தக் குழந்தையின் சொந்த விழித்திரை செல்.

மார்ச் 3

அவர் படம் அனுப்பியிருக்கிறார், அனுமதியோடு விவரிக்கிறேன். குழாயை ஒட்டி நட்சத்திரம்போலக் கைகளை நீட்டிய சிவப்பு செல்கள். கட்டிக்குள் சிவப்பு வேறெங்கும் இல்லை. ஐந்து கண்களில் எண்ணியிருக்கிறார். வெட்டில் உட்கரு தெரிந்த ஒவ்வொரு சிவப்பு செல்லிலும் அது பழுப்பு. சுற்றிலும் நீலம்.